பகடை தந்த வாழ்வும் ஆள்வினையும்: 'டிராவலர்' விளையாட்டின் ஈர்ப்பு குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

மனிதன் தன் விருப்பத்தால் பெறாத பிறப்பையும் உடலையும் சூழலையும் தன்னுடையனவாக ஏற்று, அவற்றைக்கொண்டு செய்யும் செயல்களுக்குப் பொறுப்பும் ஏற்கிறான். தான் தேர்ந்துகொள்ளாத ஒன்றிலிருந்து எழும் செயலுக்கு எவ்வளவு தூரம் ஒருவன் பொறுப்பாவான் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. சமய நூல்களும் நீதி நூல்களும் தத்துவ நூல்களும் இவ்வினாவுக்கு விடை தேடியுள்ளன. விளையாட்டும் இதற்கு ஒரு விடையை, சொல்லாமல் செய்துகாட்டும் முறையில், தரக்கூடும் என்பது பொதுவாகக் கருதப்படுவதில்லை.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' என்னும் அறிவியல் புனைவு விளையாட்டு இவ்வகையில் ஆராயத்தக்கது. மேசையைச் சுற்றி நண்பர்கள் சிலர் அமர்ந்து, தாளும் எழுதுகோலும் இரண்டு பகடைகளும் கொண்டு ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டு இது. தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியும் புதிய பதிப்புகள் பெற்று ஆடப்பட்டு வருகிறது. இதன் ஈர்ப்புக்குக் காரணம் யாது என்பதும், அவ்வீர்ப்பு அறவியல் நோக்கில் எதனை உணர்த்துகிறது என்பதும் இக்கட்டுரையின் ஆய்பொருளாகும்.

விளையாட்டின் தோற்றமும் அமைப்பும்

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைமைக்குத் தொடக்கமாயிற்று. மாயமும் பூதமும் நிறைந்த இடைக்காலக் கற்பனை உலகம் அதன் களம். அறிவியல் புனைவைக் களமாகக் கொண்ட முயற்சி 1976இல் ஜேம்ஸ் வார்டு உருவாக்கிய 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா' வழித் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இல்லினாய் மாநிலத்து நார்மல் நகரில் இயங்கிய 'கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப்' நிறுவனம், மார்க் மில்லர் வடிவமைத்த டிராவலரை வெளியிட்டது. கருப்பு அட்டையிட்ட மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்கியிருந்தன. முதல் நூல் பாத்திரங்களையும் போரையும், இரண்டாம் நூல் விண்கலங்களையும், மூன்றாம் நூல் உலகங்களையும் பற்றியது. பெட்டியின் முகப்பில் வீரனின் உருவமோ அரக்கனின் உருவமோ இல்லை. 'பியோவுல்ஃப்' என்னும் வணிகக்கலம் இடரில் சிக்கி உதவி கோரும் செய்தி மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது.

ஆடுவோருள் ஒருவர் நடுவராக இருந்து உலகையும் நிகழ்வுகளையும் விவரிப்பார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக நின்று தம் செயலைக் கூறுவர். செயலின் முடிவு ஐயத்துக்குரியதாயின் இரண்டு பகடைகள் உருட்டப்படும். வெற்றி தோல்வி என்னும் இறுதி முடிவு இவ்விளையாட்டில் இல்லை. கதை தொடரும் வரை ஆட்டமும் தொடரும்.

பாத்திரம் பிறக்கும் முறை

டிராவலரின் தனித்தன்மை பாத்திரத்தை உருவாக்கும் முறையிலேயே வெளிப்படுகிறது. வலிமை, கைத்திறன், தாங்கும் ஆற்றல், அறிவு, கல்வி, சமூக நிலை ஆகிய ஆறு பண்புகளுக்கும் இரண்டு பகடைகள் உருட்டி எண்கள் பெறப்படும். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையில் மிகுதியும் வாய்ப்பது 7. ஆகவே பெரும்பாலோர் நடுத்தர மனிதராகவே பிறக்கின்றனர். சமூக நிலையில் 11 அல்லது 12 பெறுவோர் உயர்குடிப் பட்டத்துக்கு உரியவர். 36இல் 3, அதாவது பன்னிரண்டில் ஒன்று என்பதே அதற்கான வாய்ப்பு.

பதினெட்டு வயதில் அப்பாத்திரம் கடற்படையை ஒத்த விண்படை, விண்படையைச் சார்ந்த போர்வீரர் பிரிவு, தரைப்படை, வழிதேடும் சாரணப் பணி, வணிகப் பணி, பிற பணி ஆகிய ஆறனுள் ஒன்றில் சேர முயலும். சேர்த்துக்கொள்ளப்படாவிடில் எப்பணியில் சேர வேண்டும் என்பதைக் கட்டாயப் படைச்சேர்ப்பு முறையில் பகடையே முடிவு செய்யும். ஒவ்வொரு பணிக்காலமும் நான்கு ஆண்டுகள். அதில் உயிர் பிழைத்தாரா, பதவி உயர்வு பெற்றாரா, எத்திறனைக் கற்றார் என்பன உருட்டி அறியப்படும். முப்பத்துநான்கு வயது முதல் முதுமை உடலைக் குறைக்கத் தொடங்கும். பணியிலிருந்து நீங்கும்போது சிறிது பணமோ, ஒரு பயணச்சீட்டோ, அரிதாக ஒரு கலமோ கிடைக்கும். அதன் பின்னரே ஆட்டம் தொடங்குகிறது.

முதற்பதிப்பில், பிழைப்புக்கான உருட்டலில் தவறினால் பாத்திரம் இறந்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன்னரே ஆட்டக்காரரின் பாத்திரம் மாண்டுபோகும் இவ்விதி பெரிதும் பேசப்பட்டது. சாரணப் பணியில் பிழைக்க 7 அல்லது அதற்கு மேல் பெறவேண்டும். தாங்கும் ஆற்றல் மிக்கவர் அல்லாத ஒருவர் ஒரு பணிக்காலத்தைக் கடக்கும் வாய்ப்பு 36இல் 21. மூன்று பணிக்காலங்களைக் கடப்போர் ஐவருள் ஒருவர் என்ற அளவிலேயே அமைவர். எனினும் அப்பணி பிற பணிகளைக் காட்டிலும் விரைவாகத் திறன்களைக் கற்பிக்கும். ஒரு கலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் கிடைக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு நான்காண்டின் முடிவிலும் ஆட்டக்காரர், இம்மட்டில் நின்றுவிடுவதா, இன்னும் ஒருமுறை துணிவதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார். 1981இல் வந்த திருத்தப் பதிப்பு இறப்புக்கு மாற்றாகக் காயமுற்றுப் பணி நீங்குதலை விருப்ப விதியாகத் தந்தது. 2008இல் மங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் இறப்பின் இடத்தை இடர்நிகழ்ச்சி பெற்றது.

ஈர்ப்புக்குக் கூறப்படும் காரணங்கள்

இத்தகைய விளையாட்டுகள் ஈர்ப்பதற்கு இரு காரணங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன. ஒன்று, அன்றாட வாழ்விலிருந்து தப்பித்தல். மற்றொன்று, வாழ்வில் இல்லாத ஆற்றலைக் கற்பனையில் பெறுதல். டிராவலரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் போதுமானவை அல்ல.

ஆற்றல் பெறும் இன்பமே நோக்கமாயின், ஆட்டக்காரருக்கு நாற்பது வயதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஒருவரை இவ்விளையாட்டு தந்திராது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டில் பாத்திரம் பட்டறிவு பெறப்பெறப் படிப்படியாக வலிமை மிகுந்து செல்லும். டிராவலரில் அத்தகைய படிநிலைகள் இல்லை. புதிய திறன் ஒன்றைப் பெற ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். பாத்திரம் பெரும்பாலும் தொடக்கத்தில் இருந்தவாறே இறுதிவரை இருக்கும்.

தப்பித்தலே நோக்கமாயின், தப்பிச் செல்லும் இடத்தில் கடன் தவணையும் எரிபொருள் செலவும் பணியாளர் ஊதியமும் காத்திருப்பது முரணாகும். விண்கலம் வாங்கியவர் மாதந்தோறும் தவணை கட்டவேண்டும். பலருக்கு அன்றாட வாழ்வில் எது சுமையோ அதுவே இங்கே ஆட்டத்தின் உந்துவிசையாக அமைகிறது.

ஃபிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா 1958இல் வெளியிட்ட தம் நூலில் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, கிறுகிறுப்பு என நால்வகைப்படுத்தினார். தற்செயலும் பாவனையும் தம்முள் பொருந்தா என்பது அவர் கருத்து. தற்செயலுக்குத் தன்னை ஒப்படைத்தவன் வேடம் புனைந்து அதனை ஏமாற்ற முடியாது ஆதலின் இரண்டும் ஒன்றுசேர்வதில் பொருளில்லை என்பது அவர் காட்டும் காரணம். டிராவலர் இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்திருக்கிறது. இங்கே ஆட்டக்காரர் பாவனையால் தற்செயலை ஏமாற்ற முயல்வதில்லை. தற்செயல் தந்ததையே பாவனையின் பொருளாக்கிக்கொள்கிறார். 'தரைப்படை, இரண்டு பணிக்காலம், பதவி உயர்வு இல்லை, படகோட்டும் திறன் ஒன்று' என்னும் வறண்ட வரியைப் பார்க்கும் ஆட்டக்காரர், இவர் ஏன் உயர்வு பெறவில்லை, படகோட்ட எங்கே கற்றார் என்று தம்மைத் தாமே வினவி ஒரு வாழ்வை இயற்றுகிறார். எவருடனும் ஆடாமல் தனியே அமர்ந்து பாத்திரங்களை உருவாக்குவதிலேயே இன்பம் காண்போரும் உளர். எண்களுக்குப் பொருள் தரும் இச்செயலே ஈர்ப்பின் கரு எனலாம்.

அறவியல் ஊழ்

டிராவலர் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், 1976இல், பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய தத்துவ அறிஞர் இருவரும் ஒரே கருத்தரங்கில் ஒரே பொருள் பற்றிக் கட்டுரை வழங்கினர். ஒருவரது கட்டுப்பாட்டில் இல்லாதவை அவரைப் பற்றிய அறமதிப்பீட்டைத் தீர்மானிப்பது எங்ஙனம் பொருந்தும் என்பதே அவ்விருவரும் எழுப்பிய சிக்கல். இதனைத் தமிழில் அறவியல் ஊழ் எனக் குறிக்கலாம்.

நேகல் இதனை நால்வகையாகப் பிரிக்கிறார். செயலின் விளைவில் வாய்ப்பது ஒன்று; இரு ஓட்டுநர் ஒரே வகையில் கவனக்குறைவாக இருக்க, ஒருவர் முன் மட்டும் குழந்தை குறுக்கே வந்துவிடுவது போன்றது இது. சூழலில் வாய்ப்பது மற்றொன்று. இயல்பிலும் உடலிலும் வாய்ப்பது மூன்றாவது. முந்திய காரணங்களின் தொடரால் செயல் தீர்மானிக்கப்படுவது நான்காவது. இவ்வனைத்தையும் கழித்துவிட்டால், செயலைச் செய்தவன் என்று சுட்டுதற்கு எதுவும் எஞ்சுமா என்னும் ஐயம் எழுகிறது. பொறுப்பு என்னும் கருத்தே கரைந்துபோகும் நிலை அது.

டிராவலரின் பாத்திரத் தாளில் இவ்வகைகள் கண்ணுக்குப் புலனாகின்றன. ஆறு பண்புகள் இயல்பில் வாய்த்தவை. கட்டாயப் படைச்சேர்ப்பு சூழலில் வாய்த்தது. ஆட்டத்தின் ஒவ்வோர் உருட்டலும் விளைவில் வாய்ப்பது. வாழ்வில் பின்னிப் பிணைந்து கிடப்பவற்றை விளையாட்டு பிரித்துக் காட்டுகிறது. ஆனால் நேகலின் ஐயம் இங்கே எழுவதில்லை. இத்தனை பகடைகளுக்குப் பின்னும் மேசையைச் சுற்றி அமர்ந்தோர், 'உன் பாத்திரம் ஏன் நண்பனைக் கைவிட்டது?' என்று கேட்கின்றனர். 'பகடை அப்படி விழுந்தது' என்பது அவ்வினாவுக்கு விடையாக ஏற்கப்படுவதில்லை. சுட்ட குண்டு குறிதவறியதற்குப் பகடை விடையாகலாம். சுட எண்ணியதற்கு அது விடையாகாது. வாய்த்ததற்கும் செய்ததற்கும் இடையே உள்ள எல்லையைக் கோட்பாட்டால் வரைவது கடினம் எனினும், நடைமுறையில் அது அறியப்படுகிறது என்பதற்கு இது சான்றாகிறது.

ஊழும் ஆள்வினையும்

தமிழ் மரபில் இச்சிக்கல் புதிதன்று. திருக்குறளில் அறத்துப்பாலின் இறுதி அதிகாரமாக ஊழ் அமைகிறது. பொருட்பாலில் 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமை அமைகிறது. ஒன்று ஊழின் வலிமையைக் கூற, மற்றொன்று இடைவிடா முயற்சியின் வலிமையைக் கூறுகிறது. இவ்விரண்டையும் முரணாகக் கொள்வதா, இயைபுடையனவாகக் கொள்வதா என்பது உரையாசிரியர் காலம் தொட்டு ஆராயப்பட்டு வருவது.

ஒப்பிடும்போது வேறுபாட்டையும் மறத்தலாகாது. பரிமேலழகர் ஊழை இருவினைப்பயன் செய்தவனையே சென்றடையும் நியதியாக விளக்குகிறார். அவ்விளக்கத்தின்படி ஊழுக்கு அறக்காரணம் உண்டு. பகடைக்கு அத்தகைய காரணம் எதுவுமில்லை. உயர்குடியில் பிறந்த பாத்திரம் முன்வினையால் அதனைப் பெறவில்லை. எண் அவ்வாறு விழுந்தது, அவ்வளவே. எனவே டிராவலர் காட்டுவது காரணமுள்ள ஊழ் அன்று, காரணமற்ற வாய்ப்பு.

இவ்வேறுபாட்டால் ஓர் அறப்பயன் விளைகிறது. மேசையைச் சுற்றியிருப்போர் அனைவரும் ஒருவர் முன்னிலையில் ஒருவர் உருட்டுகின்றனர். ஒருவர் பிரபுவானதையும் மற்றொருவர் கடைநிலையில் நின்றதையும் கண்முன் காண்கின்றனர். பிறப்பால் வந்த உயர்வைத் தகுதியால் வந்த உயர்வு என எண்ணும் மயக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில், இயற்கைத் திறன்களும் சமூக நிலையும் எவரும் தகுதியால் ஈட்டியவை அல்ல என்றும், அவை குலுக்கலில் விழுந்தாற் போன்றவை என்றும் வாதிட்டார். கணியன் பூங்குன்றனாரின் புறப்பாடலும் உயிர் ஆற்றுநீர்வழிச் செல்லும் புணையை ஒத்தது என்னும் காட்சியிலிருந்து, பெரியோரை வியத்தலையும் சிறியோரை இகழ்தலையும் விலக்கும் முடிவுக்கே செல்கிறது. வாய்ப்பின் ஆட்சியை உணர்தல் மனத்தளர்ச்சிக்கு இட்டுச்செல்ல வேண்டியதில்லை; அது பிறரைச் சமமாக மதிக்கவும் இட்டுச்செல்லும் என்பது இவற்றின் பொதுக்கருத்து.

ஆள்வினைக்கு இவ்விளையாட்டில் உள்ள இடமும் நுண்ணியது. பகடை எவ்வாறு விழும் என்பதை ஆள முடியாது. ஆயின் எவ்வளவு பெற்றால் போதும் என்பதை முயற்சியால் மாற்றலாம். ஒரு செயலுக்கு 8 வேண்டும் எனில் வெற்றி வாய்ப்பு 36இல் 15. பயிற்சியால் இரண்டு கூட்டிக்கொள்ளக்கூடியவருக்கு அது 36இல் 26 ஆகிறது. கற்றவருக்கும் கல்லாதவருக்கும் பகடை ஒன்றே, வாய்ப்பு வேறு. சூதாட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இங்கே புலனாகிறது. திருக்குறள் 94ஆம் அதிகாரத்தில் கடியப்படும் சூது பொருளைப் பணயம் வைத்து முயற்சியைக் கைவிடச் செய்வது. டிராவலரில் பணயம் இல்லை. பகடை உருட்டுவதற்கு முன் எவ்வளவு ஆயத்தம் செய்யலாம் என்பதே ஆட்டக்காரரின் சிந்தனையாக இருக்கிறது.

கடனும் உறைதுயிலும்

இதுவரை கூறியவை தனக்கு வாய்த்ததைத் தான் ஏற்பது பற்றியவை. பிறருக்குரிய வாய்ப்பைத் தான் தீர்மானிக்கும் நிலை வரும்போது அறச்சிக்கல் கூர்மையடைகிறது. டிராவலரின் பொருளாதார விதிகள் ஆட்டக்காரரை அந்நிலைக்குத் தவறாமல் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

விண்கலத்தைக் கடனில் வாங்குவோர் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகத் தந்து, எஞ்சியதற்கு மாதந்தோறும் விலையின் 240இல் ஒரு பங்கு வீதம் 480 மாதங்கள் செலுத்த வேண்டும். நாற்பது ஆண்டுகளில் கலத்தின் விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் செலுத்தியிருப்பர். 200 டன் கொள்ளளவுடைய சிறு வணிகக்கலத்தின் விலை 3 கோடியே 70 இலட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். மாதத் தவணை 1,54,500 கிரெடிட். சரக்குக்கு டன் ஒன்றுக்கு 1,000 கிரெடிட் கட்டணம். ஒரு விண்மீனிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே மாதத்துக்கு இருமுறை மட்டுமே பயணம் செல்ல முடியும்.

இந்நெருக்கடியில் உதவுவது உறைதுயில் பயணம். உயர்நிலைப் பயணத்துக்கு 10,000 கிரெடிட், நடுநிலைப் பயணத்துக்கு 8,000 கிரெடிட் கட்ட இயலாத வறியோர் 1,000 கிரெடிட் செலுத்தி, உடல் உறைந்த நிலையில் பெட்டியில் கிடத்தப்பட்டுச் செல்வர். ஈ. சி. டப் எழுதிய டூமரெஸ்ட் நாவல் வரிசையிலிருந்து பெறப்பட்ட கருத்து இது. சேருமிடத்தில் அவர்களை எழுப்பும்போது ஒவ்வொருவருக்கும் பகடை உருட்டப்படும். 5க்குக் குறைந்தால் அப்பயணி இறந்துவிடுவார். அதாவது அறுவருள் ஒருவர் கண்விழிப்பதில்லை. எத்தனை பேர் எழுவர் என்று ஊகித்துப் பரிசு பெறும் குலுக்கல் ஒன்றும் பயணிகளிடையே வழக்கில் இருப்பதாக விதிநூல் கூறுகிறது.

சிறு வணிகக்கலத்தில் இத்தகைய பெட்டிகள் 20. அனைத்தும் நிரம்பினால் இரு பயணங்களில் 40,000 கிரெடிட் கிடைக்கும். தவணையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. அதன் மறுபக்கம், ஒரு பயணத்துக்குச் சராசரியாக மூவருக்கு மேற்பட்டோர் இறப்பர் என்பது. தேர்ந்த மருத்துவர் ஒருவர் உடனிருந்தால் உருட்டலில் ஒன்று கூடும். இறப்பு வாய்ப்பு 36இல் 6 என்பதிலிருந்து 36இல் 3 ஆகப் பாதியாகக் குறையும்.

அறவியலின் முழுச்சிக்கலும் இச்சிறு விதியில் அடங்கியுள்ளது எனல் மிகையாகாது. பயணி இடரை அறிந்தே ஏறினார் என்பது உண்மை. கலத்தலைவர் எவரையும் கொல்லவில்லை என்பதும் உண்மை. எனினும் தேர்ந்த மருத்துவரைத் தேடி அமர்த்துவதா, அச்செலவை மிச்சப்படுத்தித் தவணையைக் கட்டுவதா என்பது பகடையின் கையில் இல்லை. தலைவரின் கையில் உள்ளது. மருத்துவரை அமர்த்தாத தலைவர், இறந்தவரைச் சுட்டி 'அவர் ஊழ்' என்பாராயின் அது பொய்யாகும். இறந்தவர் இன்னார் என்பதை மட்டுமே பகடை முடிவு செய்தது. எத்தனை பேர் இறக்கக்கூடும் என்பதைத் தலைவரின் தேர்வு முடிவு செய்தது. தொழிற்கூடங்களிலும் சுரங்கங்களிலும் சாலைகளிலும் நேரும் இறப்புகளை விபத்து என ஒதுக்கும்போது மறைக்கப்படுவதும் இவ்வேறுபாடே.

தொலைவும் பொறுப்பும்

டிராவலரின் உலக அமைப்பும் பொறுப்பை ஆட்டக்காரர் மீதே சுமத்துகிறது. ஒளியினும் விரைவாகக் கலங்கள் தாவும். ஆனால் செய்தி தனியே தாவுவதில்லை. கலம் சுமந்து சென்றாலன்றி ஓர் உலகின் செய்தி மற்றோர் உலகை அடையாது. 1979இல் வெளிவந்த எல்லைப்புற விண்வெளி பற்றிய துணைநூல் முதல் விரித்துரைக்கப்பட்ட மூன்றாம் பேரரசில், தலைநகரின் ஆணை எல்லையை எட்ட மாதக்கணக்கில் ஆகும். தந்திக்கு முற்பட்ட கடற்பயணக் காலத்தின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது.

இதனால் மேலிடத்தைக் கேட்டுச் செய்தேன் என்னும் தற்காப்பு எவருக்கும் வாய்ப்பதில்லை. உதவி கோரும் கலத்தின் குரலைக் கேட்டவர், செல்வதா கடப்பதா என்பதை அப்போதே தாமே முடிவு செய்யவேண்டும். சென்றால் தவணை தவறும்; கொள்ளையர் விரித்த வலையாகவும் இருக்கலாம். பெட்டியின் முகப்பில் அச்சிடப்பட்ட அழைப்புக்கு மறுமொழி எதுவும் அச்சிடப்படவில்லை என்பது பொருள் பொதிந்தது. மறுமொழி ஆடுவோருக்குரியது.

மறுப்புகளும் அவற்றின் ஆய்வும்

இதுவரை கூறியவற்றுக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, ஆட்டக்காரர் பாத்திரத்துடன் உண்மையில் பிணைக்கப்படவில்லை என்பது. வாய்த்த வாழ்வு பிடிக்கவில்லையெனில் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று உருட்டலாம். வலுவற்ற பாத்திரத்தைச் சாரணப் பணிக்கு அனுப்பிச் சாகவிட்டுப் புதியதைப் பெறும் வழியை விதிநூலே எள்ளல் தோன்றக் குறிப்பிடுகிறது. ஆனால் அதே இடத்தில், வாய்த்த பாத்திரத்தை வாய்த்தவாறே ஏற்று ஆட வேண்டும் என்பதையும் அது முதன்மையாகக் கூறுகிறது. விலகும் வழி திறந்திருந்தும் பலர் விலகாமல் குறையுடைய பாத்திரத்தையே ஆடி, அதனையே நெடுநாள் நினைவிற்கொள்கின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. கட்டாயத்தால் வரும் ஏற்பினும் விலகும் உரிமை இருந்தும் வரும் ஏற்பு, ஏற்பின் இயல்பைத் தெளிவாகக் காட்டும்.

இரண்டாவது, உறைதுயில் போன்ற விதிகளைத் திரும்பத் திரும்ப ஆடுவோர் பிறர் இறப்பை எண்ணாகப் பார்க்கப் பழகிவிடுவர் என்பது. இம்மறுப்பு வலிமையுடையது. இருபது பகடைகளை ஒருசேர உருட்டி 'மூவர் போயினர்' என்று கூறிக் கடந்து செல்லும் ஆட்டங்களும் உண்டு. விளையாட்டு தானே எவரையும் அறவோர் ஆக்குவதில்லை. விதிகள் இறந்தவருக்குப் பெயர் தருவதில்லை. நடுவரோ ஆட்டக்காரரோ தரவேண்டும். ஓர் உறைதுயில் பயணியின் பெயரைக் கேட்டுக்கொண்ட பின் அவருக்காக உருட்டுவதும், கேளாமல் உருட்டுவதும் விதியளவில் ஒன்றே, அறத்தளவில் வேறு. இவ்வேறுபாட்டை உணரும் வாய்ப்பை விளையாட்டு தருகிறது. உணர்வைத் தருவதாகக் கொள்ளுதல் மிகையாகும்.

மூன்றாவது மறுப்பு இவற்றினும் ஆழமானது. வாய்த்ததை ஏற்று வாழ் என்னும் அறிவுரை, காலந்தோறும் வறியோரையும் ஒடுக்கப்பட்டோரையும் அமைதியாக இருக்கச் செய்யப் பயன்பட்டு வந்துள்ளது. விளையாட்டில் பகடையை உருட்ட ஒப்பியே ஒருவர் அமர்கிறார். வாழ்வில் எவரும் ஒப்பிப் பிறப்பதில்லை. ஆகவே விளையாட்டின் ஏற்பை வாழ்வின் நெறியாக்குவது தீங்காகும் என்பது அம்மறுப்பு.

இதற்கு விடை இலக்கணக் கலைச்சொல் கொண்டே கூறத்தக்கது. ஏற்பு தன்மைக்கு உரியது. முன்னிலைக்கும் படர்க்கைக்கும் விதிக்கத் தகாதது. 'எனக்கு வாய்த்தது இது. இதைக்கொண்டு நான் செய்வேன்' என்று ஒருவர் கூறுவது பெருமிதம். 'உனக்கு வாய்த்தது அது. அதனோடு இரு' என்று மற்றொருவரிடம் கூறுவது கொடுமை. சொல் ஏறத்தாழ ஒன்றே ஆயினும் இடம் மாறும்போது அறம் மாறுகிறது. டிராவலர் இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைக்கிறது. தன் பாத்திரத்தின் குறைந்த எண்ணை ஏற்று ஆடும் ஒருவரே, உறைதுயில் பெட்டியில் கிடப்போரின் எண்ணை உயர்த்த மருத்துவரைத் தேடவும் வேண்டியவராகிறார். தன் திறத்தில் ஊழை ஒப்புதலும் பிறர் திறத்தில் ஊழோடு போராடுதலும் முரண் அல்ல. ஒரே அறத்தின் இரு கூறுகள்.

முடிவுரை

டிராவலர் விளையாட்டின் ஈர்ப்பை ஆற்றல் வேட்கையாலோ தப்பித்தல் விருப்பத்தாலோ முற்றும் விளக்க இயலாது. தற்செயலாக வாய்த்த வாழ்வு ஒன்றைப் பொருளுடையதாக்கித் தன்னுடையதாகக் கொள்ளும் செயலே அதன் ஈர்ப்புக்கு அடிப்படை. வாய்த்ததும் செய்ததும் வேறு என்பதை அது பாத்திரத் தாளில் பிரித்துக் காட்டுகிறது. பிறப்பால் வந்த உயர்வு தாழ்வுக்குத் தகுதிக் காரணம் இல்லை என்பதை அனைவர் முன்னிலையிலும் உருட்டிக் காட்டுகிறது. பகடையின் மேல் பழிபோட முடியாத இடங்கள் உண்டு என்பதை உறைதுயில் விதி உணர்த்துகிறது.

ஊழையும் ஆள்வினையையும் ஒருங்கே கூறிய மரபுக்கு இம்முடிவுகள் அயலானவை அல்ல. ஆயினும் ஊழ் என்னும் சொல் யாரைக் குறித்து, யாரால் சொல்லப்படுகிறது என்னும் வினாவை அம்மரபினுள்ளும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். தமக்கு நேர்ந்ததை ஊழ் என்று கொண்டு தளராது முயன்றோரின் சொல்லும், பிறர்க்கு நேர்ந்ததை ஊழ் என்று கூறித் தம் பொறுப்பைத் துறந்தோரின் சொல்லும் நூல்களில் அருகருகே கிடக்கின்றன. அவற்றை இடம் நோக்கிப் பிரித்தறிதல் தமிழ் அறவியல் ஆய்வில் மேலும் செய்யத்தக்க பணியாகும்.